பெட்டிக்குள் இருந்த பேச்சியம்மா

வவுனியா மாவட்டத்தின் முதலாவது செயற்கை நுண்ணறிவு காலையில் பூவரசங்குளத்தில் பஸ் ஏறும். இருக்க இடம் கிடைக்காது. மன்னார்ப் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் எப்போது யாருக்கு இடம் கிடைத்தது? ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறுகையில் சோற்றுப் பார்சல் நசுங்காமல் பார்த்துக்கொண்டு நகரத்தில் வந்து இறங்கும். பாத்திரக்கடை ஒன்றின் மேல்மாடிக்குப் படியேறி, மூச்சு வாங்கி, முகம் கழுவி, அதற்குப் பிறகுதான் சிந்திக்கத் தொடங்கும். வீட்டில் அதன் பெயர் பேச்சியம்மா. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மாவட்டத்து விவசாயிகளுக்கு அதன் பெயர் கதிர்.

பேச்சியம்மாவின் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு குடும்பம் வன்னிக்கு வந்து, காடு வெட்டி, குடிசை போட்டது. பேச்சியம்மா இங்கே பிறந்தவள். அவளுக்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்தார்கள். தெய்வத்துக்குப் பொருந்திய பெயர் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு பொருந்தவில்லை. "பேச்சி, பேசாதே" என்று ஆசிரியர்கள் தினமும் ஒரே பகிடியை விட்டார்கள். தினமும் புதிதாகச் சிரித்தார்கள்.

போர் முடிந்ததும், வன்னிப் பெண்களை முன்னேற்றியே தீருவது என்று உலகம் கங்கணம் கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. பேச்சியம்மாவும் முன்னேற்றப்பட்டாள். தையல், காளான், கேக் ஐசிங், தலைமைத்துவம், மீண்டும் தையல் என்று அலுமாரியின் கீழ்த்தட்டு சான்றிதழ்களால் நிறைந்தது. கோழி வளர்ப்பிலும் சான்றிதழ் இருந்தது. கோழிதான் இருக்கவில்லை. அந்த வரிசையில் தவறுதலாகப் பயனுள்ள ஒன்றும் வந்துவிட்டது: தமிழ்த் தட்டச்சு. அதைப் பிடித்துக்கொண்டு, மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சனங்களுக்கு மனு அடித்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்தை வேண்டி நிற்கின்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். மேலான கவனம் ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் மனிதர் யாரும் கதைக்காத அந்தத் தமிழ் அவளுடைய விரலில் ஊறிவிட்டது. கடை மூடப்பட்ட பிறகு, அந்த விரல்களுக்காகத்தான் 'பசுந்தளிர் நுட்பம்' என்ற கொம்பனி அவளை எடுத்தது.

கொம்பனியை நடத்தியவர் ஜெயந்தன். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்த கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை, மலேசியாவில் படித்தவர். பேச்சியம்மாவைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் முகாமையாளர் என்றபடியால் அவருக்கு அவள் 'சேர்' சொன்னாள். அவர் அவளுக்கு 'அக்கா' சொன்னார். முதல்நாள், புதிதாக எடுத்த பெண்களைப் பிளாஸ்டிக் கதிரைகளில் இருத்தி, சுவரில் படம் காட்டி, கணினியின் வரலாறு சொன்னார்.

"அக்காமார், கம்பியூட்டர் எண்டது முதலில ஒரு மெஷினுக்கு வைச்ச பெயரில்லை. அது ஆளுக்கு வைச்ச பெயர். கணக்குப் பார்க்கிற ஆள். நட்சத்திரம் எங்க நிக்குது, பீரங்கிக் குண்டு எங்க போய் விழும் எண்டெல்லாம் மண்டபம் நிறையப் பொம்பிளையள் இருந்து கணக்குப் போட்டவை. பிறகு மெஷின் வந்தது. வேலையையும் எடுத்துது, பெயரையும் எடுத்துது."

"அந்தப் பொம்பிளையளுக்கு என்ன நடந்தது சேர்?" என்று பேச்சியம்மா கேட்டாள்.

ஜெயந்தன் அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்த படத்தில் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் இருந்தார். அச்சடித்த கணக்கு அட்டவணைகளில் பிழையைக் கண்டு எரிச்சல்பட்டு, பிழைவிடாத இயந்திரம் ஒன்றைக் கட்டத் தொடங்கியவர். அது முடியுமுன் அதைவிடப் பெரிய ஒன்றைத் திட்டமிட்டார். கடைசியில் இரண்டையும் முடிக்காமலே போய்ச் சேர்ந்தார். பேச்சியம்மாவுக்கு இது புதினமாக இல்லை. அப்படிப்பட்ட பொறியியலாளர்களை வன்னிக்கு நன்றாகத் தெரியும். குளத்துக்கு ஒருவர் வீதம் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படத்தில் பாபேஜுக்குப் பக்கத்தில் ஏடா என்ற சீமாட்டி. கட்டப்படாத அந்த இயந்திரம் எப்படிக் கணக்குப் போடவேண்டும் என்று வரிவரியாக எழுதி வைத்தவர்.

"மெஷின் தானா ஒண்டையும் தொடங்காது, எங்களுக்குச் சொல்லத் தெரிஞ்சதைத்தான் செய்யும் எண்டு அவா அப்பவே சொல்லியிருக்கிறா," என்றார் ஜெயந்தன்.

"அப்ப என்ர மனிசனைவிட நல்லம். அவர் சொன்னாலும் செய்யார்."

பெண்கள் சிரித்தார்கள். ஜெயந்தனும் சிரித்துவிட்டு, தனக்கு மிகப் பிடித்த கதைக்கு வந்தார். அந்த இயந்திரங்களுக்கெல்லாம் முன்பே ஒருவர் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைச் செய்தாராம். பெரிய பெட்டி, அதன்மேல் தலைப்பாகை கட்டிய பொம்மை. ஐரோப்பா முழுக்க அதைக் கொண்டு திரிந்தார்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதனிடம் தோற்றார்கள். பாபேஜும் ஆடித் தோற்றார். உண்மையில் பெட்டிக்குள்ளே ஒரு ஆள் கைகாலை மடக்கி இருந்து காய் நகர்த்தினாராம்.

"சாப்பாடு?" என்றாள் பேச்சியம்மா.

"ஆருக்கு?"

"பெட்டிக்குள்ள இருந்தவருக்கு."

"அது எனக்குத் தெரியாதக்கா," என்று ஜெயந்தன் படத்தை நிறுத்தினார்.

தொடக்கத்தில் வேலை இலகு. கணினித் திரையில் நெல் இலைகளின் படம் வரும். நோய் பிடித்த இடத்தைச் சுற்றிப் பெட்டி கீற வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் பார்த்தால் இயந்திரம் தானாக நோயை அறிந்துகொள்ளும், பிறகு விவசாயிகள் வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும், அதற்குக் 'கதிர்' என்று பெயர் வைத்தாயிற்று, அமைச்சு ஆட்களை வைத்துத் திறப்புவிழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. எல்லாம் தயார், கதிரைத் தவிர.

திறப்புவிழா நெருங்கிய ஒருநாள் ஜெயந்தன் கதிரிடம் முதற் கேள்வியைக் கேட்டார்: "என் வயலில் கபிலத் தத்தி. என்ன செய்யலாம்?"

கதிர் உடனேயே பதில் சொன்னது: "வாழ்த்துகள்! குழந்தை தத்தித் தத்தி நடப்பது மகிழ்ச்சியான பருவம். விழுந்தால் அதட்டாமல் அன்போடு ஊக்கப்படுத்துங்கள்."

பயிரைக் குடித்துச் சாய்க்கும் பூச்சியை அன்போடு ஊக்கப்படுத்தச் சொன்ன இயந்திரத்தை ஜெயந்தன் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். கண் பேச்சியம்மாவில் வந்து நின்றது.

"அக்கா, உங்களுக்கு வயல் இருக்கெல்லே?"

"மனிசன்ர வயல். அவருக்குத்தான் எல்லாம் தெரியும். நான் சும்மா நாத்து நட்டு, புல்லுப் பிடுங்கி, அறுக்கிற ஆள்."

"காணும், அவ்வளவும் போதும். மெஷின் படிச்சு முடிக்குமட்டும், தற்காலிகமா..."

'தற்காலிகம்' என்ற சொல்லை வன்னியில் கேட்டால் கொஞ்சம் பயப்பட வேண்டும். தற்காலிகக் கொட்டிலில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குப் பூப்புனித நீராட்டு விழாவும் செய்த குடும்பங்கள் உண்டு. பேச்சியம்மாவும் பயந்தாள். ஆனாலும் சம்மதித்தாள். ஒட்டுப்பலகையால் மறைத்த ஒரு மூலையில் மேசை, கதிரை, கணினி, விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் வந்தன. மின்விசிறி மட்டும் வரவில்லை. திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டி, குத்துவிளக்கு ஏற்றி, "கதிரே, வணக்கம்" என்று பிரமுகர் தட்டியபோது, பலகைக்குப் பின்னால் செயற்கை நுண்ணறிவு வேர்த்து வடிய, "வணக்கம். தங்களது வருகை எமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கின்றது" என்று அடித்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் பேச்சியம்மா கதிராக இருந்தாள். எப்போது விதைக்கலாம், எந்த மருந்து, எவ்வளவு உரம் என்று கேள்விகள் குவிந்தன. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் துண்டுப்பிரசுரத்தில் தேடினாள், அதிலும் இல்லாவிட்டால் "மண்ணின் தன்மையைப் பொறுத்து மாறுபடும்" என்றாள். அந்த ஒரு வசனம் எந்த நிபுணரையும் காப்பாற்றும் என்று அவள் கெதியில் கண்டுபிடித்தாள். யானை வேலி, மகளின் சாதகம், கனடா விசா பற்றியும் கேட்டார்கள். இயந்திரம் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்தானே.

ஒருமுறை பிழைவிட்டாள். நெடுங்கேணியில் கச்சான் கடலை செய்த வீரகத்தி என்பவர் அனுப்பிய படத்தைப் பார்த்து, அழுகல் நோயைத் தண்ணீர்க் குறைவு என்று நினைத்து, "நீர்ப்பாசனத்தை அதிகரிக்கவும்" என்று அடித்துவிட்டாள். தோட்டத்தில் பாதி போனது. திட்டுவார் என்று காத்திருந்தவளுக்கு வீரகத்தி எழுதினார்: "மெஷின் பிழை விடாது. நான்தான் பிழையா விளங்கிப்போட்டன் போல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அன்று பேச்சியம்மா சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை. பேச்சியம்மாவாகவே பேசி இப்படிப் பிழைவிட்டிருந்தால் ஊர் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கும்.

கதிரின் பக்தர்களில் மிகத் தீவிரமான ஒருவன் பூவரசங்குளத்தில் இருந்தான். பெயர் ஆண்டியப்பன். பேச்சியம்மாவின் புருஷன்.

கொம்பனியின் இரகசியத்தை வீட்டிலும் சொல்லக்கூடாது என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆகவே, மனைவி ஏதோ படத்துக்குப் பெட்டி கீறுகிறாள் என்றுதான் ஆண்டியப்பன் நினைத்திருந்தான். ஒருநாள் காலை, "பூச்சி குறைவாத்தான் கிடக்குது. இப்ப மருந்தடிக்காதேங்கோ, சிலந்தி எல்லாம் செத்துப்போகும்," என்று அவள் சொன்னாள்.

"உனக்கென்ன விசரோ? உன்ர வேலையைப் பார்."

மத்தியானம் கதிருக்கு ஒரு செய்தி வந்தது: "கதிர் தம்பி, பூச்சி கொஞ்சமாக் கிடக்குது, மருந்தடிக்கவோ?" அனுப்பிய இலக்கத்தைப் பேச்சியம்மாவுக்கு மனப்பாடம். காலையில் சொன்னதையே மனுத்தமிழில் அடித்து அனுப்பினாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தவளை ஆண்டியப்பன் முற்றத்திலேயே மறித்தான்.

"இஞ்ச பேச்சி, மருந்தடிக்கக் கூடாதாம். சிலந்தி செத்துப்போகுமாம். இதெல்லாம் விஞ்ஞானம். பொம்பிளையளுக்கெங்க விளங்கப்போகுது?"

"அப்பிடியே?" என்றாள் பேச்சியம்மா.

அன்றைக்கு வந்த யோசனைதான் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம். அடுத்தமுறை அவன் யூரியா பற்றிக் கேட்டபோது, பதிலின் அடியில் கதிர் ஒரு வரி சேர்த்தது: "காலையில் விறகு கொத்துவது தோள்பட்டைக்குச் சிறந்த பயிற்சியாகும் எனப் பரிந்துரைக்கப்படுகின்றது." மறுநாள் குசினி வாசலில் விறகு கொத்திக் கிடந்தது. பத்து வருடமாகக் கேட்டுக் கிடைக்காத விறகு. அதற்குப் பிறகு தண்ணீர் அள்ளுவது முதுகுக்கும், தேங்காய் துருவுவது மணிக்கட்டுக்கும் நல்லதென்று விஞ்ஞானம் கண்டுபிடித்தது. கை தவறிச் சில வேளை மற்ற விவசாயிகளுக்கும் அந்த வரிகள் போய்ச் சேர்ந்தன. போகட்டுமே, அவர்களுக்கும் மனைவிமார் இருப்பார்கள்தானே என்று விட்டுவிட்டாள்.

சிறுபோகத்து நடுவில் ஒரு மத்தியானம் ஆண்டியப்பனின் செய்தி வந்தது. வயலைப் பற்றி ஒன்றும் இல்லை.

"தம்பி, இது வேற கதை. என்ர மனிசி வேலைக்குப் போகத் தொடங்கினாப் பிறகு என்னோட கதைக்கிறாவே இல்லை. முந்தி வாய் ஓயாது. இப்ப வந்து சமைச்சுப்போட்டுப் படுக்கிறா. நான் ஏதும் பிழைவிட்டனோ தெரியேல்லை. இதுக்கு ஏதும் வழி இருக்கோ?"

பேச்சியம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். உண்மைதான். நாள் முழுக்க மாவட்டத்துக்கே பதில் சொல்லிவிட்டு வந்தால், "உப்புக் காணுமோ?" என்று கேட்கக்கூட வாயில் சொல் மிஞ்சுவதில்லை. அவன் அதைக் கவனித்திருப்பான் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. முந்திக் கதைத்ததை அவன் கேட்டான் என்பதே அவளுக்குச் செய்தி. மூன்று நான்கு தடவை அடித்து அழித்தாள். கடைசியில், "இவ்விடயம் எனது துறைக்கு அப்பாற்பட்டது. தங்கள் மனைவியிடமே கேட்குமாறு பரிந்துரைக்கப்படுகின்றது" என்று அனுப்பினாள்.

பின்னேரம் அவன் உண்மையாகவே கேட்டான். "உனக்கு என்ன நடந்தது, பேச்சி?"

"ஒண்டுமில்லை," என்றாள். அதைத்தான் அவளால் சொல்ல முடிந்தது.

அந்த நாட்களில்தான் பரிசோதனைக் குழு வந்தது. திட்டத்துக்குப் பண உதவி கொடுத்தவர்கள், கதிர் உண்மையாகவே சிந்திக்கும் இயந்திரம்தானா என்று பார்க்க, வெளிநாட்டில் நீண்டகாலம் இருந்த பேராசிரியர் தில்லைநாதனை அனுப்பினார்கள். ஜெயந்தன் வெளிறிப்போய்ப் பலகைக்குப் பின்னால் வந்தார்.

"அக்கா, டூரிங் எண்டொரு கணிதக்காரர் இருந்தவர். மெஷின் யோசிக்குமோ எண்டு சண்டைபிடிக்காதேங்கோ எண்டு சொன்னவர். ஒரு அறையில ஆள், மற்ற அறையில மெஷின். எழுத்திலதான் கேள்வி பதில். எது ஆள், எது மெஷின் எண்டு பிடிக்கேலாட்டி மெஷின் பாஸ்."

"எங்களிட்ட மெஷினே இல்லையே சேர்."

"அதைத்தானக்கா சொல்லுறன். நீங்கள் ஆள் எண்டு பிடிபட்டா நாங்கள் பெயில். ஆள் மாதிரிக் கதைச்சுப்போடாதேங்கோ."

பேராசிரியர் பலகைக்கு அந்தப் பக்கம் அமர்ந்தார். முதலில் ஒரு பெரிய பெருக்கல் கணக்குக் கேட்டார். பேச்சியம்மா கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்து விடையை அடித்தாள். "கொஞ்சம் சுணங்குது," என்றார் பேராசிரியர். "நெற்வேர்க், சேர்," என்றார் ஜெயந்தன். அதற்குள் விருந்தாளிகளுக்குப் புரியாணிப் பார்சல் வந்துவிட்டது. காலையிலிருந்து பேச்சியம்மா எழும்பவே இல்லை. அசைந்தால் கதிரை கிறீச்சிடும். புரியாணியைப் பிரித்துக்கொண்டே பேராசிரியர் அடுத்த கேள்வியைத் தட்டினார்: "உமக்குப் பசிக்குமோ?"

"இல்லை. நான் ஓர் இயந்திரம். எனக்குப் பசி கிடையாது," என்று பேச்சியம்மா அடித்தாள். வாசம் பலகையின் இடுக்கால் வந்துகொண்டிருந்தது.

"சரி, உம்முடைய தாயைப் பற்றி நாலு வரி எழுதும்."

பேச்சியம்மாவின் தாய் லயத்துத் தமிழ் மாறாதவர். கோபம் வந்தால் "அடி போடி கூறுகெட்டவளே" என்று கத்திவிட்டு, பிறகு தலைவாரிப் பின்னி விடுவார். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு, "இந்த வெரலு எழுதுற வெரலு, புல்லு வெட்டுற வெரலு இல்ல" என்று சொன்னவர். இதையெல்லாம் எழுதினால் பெயில். பேச்சியம்மா அடித்தாள்: "தாய் என்பவர் குடும்பத்தின் தலையாய பொறுப்பை வகிப்பவர் ஆவார். அன்னாரது சேவை அளப்பரியது. எனக்குத் தாய் இல்லை. மேலதிக விபரங்களுக்கு வேறு கேள்வி கேட்கவும்."

பேராசிரியர் துள்ளினார். "பாத்தீங்களோ! இதுதான் இதின்ர எல்லை. சொல் எல்லாம் சரி, ஆனா உள்ளுக்க ஆள் இல்லை. வன்னியில ஒரு சாதாரணப் பொம்பிளையைக் கேட்டிருந்தாக்கூட இதைக் கண்ணீரோட எழுதியிருப்பா. சந்தேகமே இல்லை, இது மெஷின்தான்."

வன்னியின் ஒரு சாதாரணப் பெண், சத்தம் கேட்கும் என்ற பயத்தில் மூக்கைச் சிந்தவும் முடியாமல், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டாள்.

குழு மனம் குளிர்ந்து போனது. புது உதவி வந்தது. அதனோடு உண்மையான இயந்திரமும் வந்தது. பேச்சியம்மா இதுவரை அடித்த பதில்களையெல்லாம் அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். அது வாரக் கணக்கில் படித்தது. ஒருநாள் ஜெயந்தன் அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் வாடித்தான் இருந்தது.

"அக்கா, இனிக் கதிர் தானாக் கதைக்கும்."

"அப்ப நான்?"

இந்தமுறை மாற்றுவதற்கு அடுத்த படம் இருக்கவில்லை. ஜெயந்தன் ஒரு சான்றிதழை நீட்டினார். 'அலுவலக உதவியாளராகத் திறம்படக் கடமையாற்றினார்' என்று அதில் இருந்தது. செயற்கை நுண்ணறிவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

புதிய கதிர் அச்சாகப் பேச்சியம்மா மாதிரியே கதைத்தது. தெரியாத கேள்விக்கு மண்ணின் தன்மையைப் பொறுத்து மாறுபடும் என்றது. பயிரைப் பற்றிக் கேட்ட ஆண்கள் எல்லோருக்கும் விறகு கொத்தச் சொன்னது. நெடுங்கேணியிலிருந்து மாவட்ட எல்லை தாண்டிக் கொக்கிளாய் வரை கோடரிச் சத்தம் கேட்டதாகப் பஸ்ஸில் பெண்கள் கதைத்துச் சிரித்தார்கள். மீனுக்கு வலை எப்போது போடலாம் என்று கேட்ட ஒருவரையும் அது விட்டுவைக்கவில்லையாம். பொறியியலாளர்கள் கூடி ஆராய்ந்து, இயந்திரம் மனிதர் யாரும் கற்றுக்கொடுக்காத புதிய அறிவைத் தானாக அடைந்திருக்கிறது என்று அறிக்கை எழுதினார்கள்.

வேலை போன பிறகு இரகசியம் காத்து என்ன பயன்? ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு இருந்த ஆண்டியப்பனிடம் பேச்சியம்மா சொன்னாள்.

"இவ்வளவு நாளும் கதிரா இருந்தது நான்தான்."

ஆண்டியப்பன் சிரித்தான். "நீயோ? கதிர் ஆம்பிளையெல்லே!"

"'முந்தி வாய் ஓயாது, இப்ப சமைச்சுப்போட்டுப் படுக்கிறா. நான் ஏதும் பிழைவிட்டனோ தெரியேல்லை.' ஆர் எழுதினது?"

ஆண்டியப்பன் பாதிச் சோற்றைத் தள்ளிவைத்தான். முகம் கறுத்தது. எழும்பிக் கைகழுவிவிட்டு வயலுக்குப் போனான். பிறகு பல நாட்கள் அவன் கதைக்கவில்லை. வெட்கமா கோபமா என்று அவளுக்கும் பிடிபடவில்லை, அவனுக்கே தெரிந்திருக்காது. இப்போது கதைக்காமல் இருப்பது அவனுடைய முறை என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் அந்த மௌனம் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பதென்றால் எப்படியென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அடுத்த போகத்தில், பயிர் முழங்கால் உயரம் வந்த நேரம், அவள் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். ஆண்டியப்பன் வரம்பில் நின்று பள்ளத்துப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயிர் மஞ்சள் அடித்திருந்தது. கையில் தொலைபேசி இருந்தது. அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு அதைச் சேர்ட் பைக்குள் போட்டான்.

"இது ஏன் மஞ்சளாக் கிடக்குது?" என்று பயிரைப் பார்த்தபடியே கேட்டான்.

பேச்சியம்மா இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கி வேரை மணந்தாள். "தண்ணி நிண்டு வேர் அழுகுது. தண்ணியை வடிய விடுங்கோ. யூரியா கியூரியா போட்டுக் கெடுக்காதேங்கோ."

"உனக்கென்ன தெரியும்? மஞ்சள் எண்டால் உரம் காணாது."

"கதிர் சொன்னா மட்டும் கேட்பியள்."

"கதிர் மரியாதையாச் சொல்லும். 'பரிந்துரைக்கப்படுகின்றது' எண்டு சொல்லும். நீ வாயைத் திறந்தா..."

"திறந்தா என்னவாம்?"

வரம்பிலேயே தொடங்கிவிட்டது. பக்கத்து வயற்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆறுதலாக மீண்டும் குனிந்தார். கடைசியில் ஆண்டியப்பன் பாதிப் பாத்தியில் தண்ணீரை வடியவிட்டான். மானத்தைக் காப்பாற்ற மறுபாதியில் யூரியா வீசினான். சண்டை வயலைத் தாண்டி, குளக்கட்டால் ஏறி, வீடுவரை வந்தது. கொண்டுபோன சோறு பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. பேச்சியம்மா பொழுதுபடும் வரை வாய் மூடவில்லை.